ஷெல்செக் (ஷெல் ஸ்கிரிப்ட்ல தப்பு கண்டுபுடிச்சுக் காட்டுற டூல்): புதுசா ஸ்கிரிப்ட் எழுதுறவங்க இத முதல்ல இன்ஸ்டால் பண்ணுங்க

நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லுல கம்ப்யூட்டர் வேலையெல்லாம் நான்தான் பாக்குறேன், பில்லு, எடைமேடை கேமரா போட்டோ எல்லாம் ஒரே பழைய உபுண்டு சர்வர்லதான் ஏறுது. குறுவை அறுப்பு வந்துட்டா லாரி வரிசைகட்டி நிக்கும், டிஸ்க் மடமடன்னு ரொம்பிடும். அதான் 90 சதவீதம் தாண்டினா டெலிகிராம்ல மெசேஜ் வர்ற மாதிரி ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (கமாண்டுகள வரிசையா எழுதி வச்ச ஃபைல்) எழுதி, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடட்டும்னு கிரான்ல (நேரம் பாத்து தானா ஓட்டுற வசதி) போட்டேன். நான் எழுதுன முதல் ஸ்கிரிப்ட்.

டிஸ்க் என்னமோ 42 சதவீதம்தான், ஆனா ராத்திரி பூரா மெசேஜ். விடிஞ்சதும் மேனேஜர் போன் போட்டு "தம்பி, சர்வர் போயிடுச்சா, வண்டிய மேடையில ஏத்தலாமா வேணாமா"ங்குறாரு. ரெண்டு நாள் வரிவரியா பாத்தும் ஒண்ணும் புடிபடல. இதுல ஹோம் ஃபோல்டர்ல 90-ன்னு பேரோட ஒரு காலி ஃபைல் வேற, அழிச்சா அடுத்த 5 நிமிஷத்துல திரும்ப வந்து உக்காந்துக்குது.

ஷெல்செக்க ஓட்டுனதும் 90 தாண்டுச்சான்னு பாக்குற if வரிக்குக் கீழயே கலர்ல காட்டிருச்சு, > குறி நம்பர ஒப்பிடுறதுக்கு இல்ல, அதுக்கு -ஜிடி (-gt, அத விடப் பெருசான்னு கேக்குறது) போடுன்னு. ஒத்த சதுர அடைப்புக்குள்ள > போட்டா ஷெல் (கமாண்ட வாங்கி ஓட்டுற ப்ரோகிராம்) அத ஃபைல்ல எழுதச் சொல்றதா எடுத்துக்கும், அந்த 90 ஃபைல் வந்தது அப்படித்தான், கண்டிஷனும் எப்பவும் சரின்னே வரும். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு நம்பர் இருக்கு, அத வச்சுத் தேடினா தப்பான வரி, சரியான வரி ரெண்டையும் போட்டு விளக்கியிருக்காங்க, எனக்கு வகுப்புல உக்காந்த மாதிரி இருந்துச்சு.

குறையும் சொல்லணும். -ஜிடி மாத்துனப்பறம் மெசேஜே வரல. டிஸ்க் எவ்வளவு ரொம்பியிருக்குன்னு சொல்ற டிஎஃப் கமாண்ட் குடுக்குறது 42%, அந்த % ஒட்டிக்கிட்டு இருந்தா அது நம்பரே இல்ல, எர்ரர் அடிச்சிட்டு நேரா else-க்குப் போயி "எல்லாம் ஓகே"ன்னுடும். டிஸ்க் முழுசா ரொம்பினாலும் ஓகேதான்! ஓடும்போது வர்ற மதிப்பு ஷெல்செக்குக்குத் தெரியாது, அதனால வாயே தொறக்கல. ஓடுற ஒவ்வொரு வரியையும் காட்டுற பாஷ் -எக்ஸ் போட்டு ஓட்டிப் பாத்துதான் கண்டுபுடிச்சேன், % குறிய வெட்டுனதும் சரியாச்சு.

காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ், உபுண்டுல ஏபிடி இன்ஸ்டால் ஷெல்செக் அடிச்சா போதும். போன வாரம் நெஜமாவே 91-ன்னு மெசேஜ் வந்துச்சு, பழைய போட்டோவ வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்திட்டேன், எடைமேடை ஒரு நிமிஷம்கூட நிக்கல.