பம்ப் பேனலுக்கு எந்தச் சிப்? ரீசெட்டையும் இன்டரப்டையும் வைத்து ஓர் ஒப்பீடு

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் சின்ன மைக்ரோகண்ட்ரோலருக்கு (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி) வேலை பெரும்பாலும் மூன்று இடத்தில்: தோட்டத்து போர்வெல் மோட்டார் பேனல், விசைத்தறி, நிட்டிங் மெஷின். சிப் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று. போர் பேனலுக்கு அது கடைசிக் கேள்வி. வோல்டேஜ் பாதி விழுந்து, முழுசாகப் போகாமல் மறுபடி எழுந்தால் இந்தச் சிப் என்ன செய்யும் என்பதுதான் முதல் கேள்வி.

கணக்குப் பாருங்கள். 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்) என்ற வழக்கமான சப்ளை. லைனில் 230 இருந்தால் கெபாசிட்டரில் சுமார் 11.3 வோல்ட். மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மருக்குத் தொலைவான தோட்டத்தில், பக்கத்து மோட்டார் டைரக்டாக ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் லைன் 150க்கு இறங்கினால் அதே இடத்தில் 6.9தான். 7805க்கு 7 வேண்டும். ரிப்பிளையும் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) கழித்தால் 5 வோல்ட் லைன் 4க்குப் பக்கத்தில் ஊசலாடும். கரண்ட் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. இங்கே ஒப்பிடும் ஏடி89எஸ்52, பிக்16எஃப்877ஏ, ஏடிமெகா328பி, எஸ்டிஎம்32எஃப்103 என்ற நான்கு சிப்புகளின் குணமும் வெளிப்படுவது இங்கேதான்.

ஏடி89எஸ்52 (8051 குடும்பம்). இதில் பிரவுன்-அவுட் ரீசெட் கிடையாது; அதாவது வோல்டேஜ் ஓரளவு விழுந்தாலே சிப்பைத் தானாக நிறுத்தி, புரோகிராமை முதலிலிருந்து தொடங்க வைக்கும் வசதி இல்லை. ரீசெட் பின் ஹை ஆனால்தான் ரீசெட். எல்லோரும் போடுவது 10 மைக்ரோஃபாரட், 10 கே. 5 வோல்ட் லைன் 3க்கு விழுந்து மறுபடி 5க்கு எழுந்தால் அந்தக் கெபாசிட்டர் வழியாக ரீசெட் பின்னுக்கு 2 வோல்ட்தான் வரும். ரீசெட்டுக்குத் தேவை சப்ளையில் 70 சதவீதம், அதாவது 3.5. எனவே ரீசெட் ஆகாது. புரோகிராம் கவுண்டர் (அடுத்து ஓட வேண்டிய இடத்தைச் சுட்டுவது) எங்கோ தாவி அப்படியே நிற்கும். மாற்று வழி மேக்ஸ்810எல் போன்ற சூப்பர்வைசர் ஐசி: 4.63 வோல்ட்டுக்குக் கீழே ரீசெட்டை ஹையாகப் பிடித்து, சப்ளை சரியான பிறகும் குறைந்தது 140 மில்லிசெகண்ட் விடாது. மேக்ஸ்809 வாங்கிவிடாதீர்கள், அதன் அவுட்புட் தலைகீழ்.

இன்னொரு வம்பு: ரீசெட்டில் 8051-இன் போர்ட் பின்கள் எல்லாம் 1 ஆகிவிடும். புல்-அப் போட்டு யூஎல்என்2003 டிரைவர் ஐசி வழியாக ரிலே ஓட்டினால், ஒவ்வொரு ரீசெட்டுக்கும் ரிலே ஒருமுறை இழுக்கும், காண்டாக்டரும் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்ச்) கூடவே. பின் 0 ஆனால் ரிலே இழுக்கும்படி பிஎன்பி டிரான்சிஸ்டரில் அமைப்பதே முறை.

பிக்16எஃப்877ஏ. பழைய சிப்தான், ஆனால் இந்த வேலைக்கு ஏற்றது. பிரவுன்-அவுட் சுமார் 4 வோல்ட்டில். அதோடு பவர்-அப் டைமரையும் ஆன் செய்தால் சப்ளை திரும்பிய பிறகு ஏறக்குறைய 72 மில்லிசெகண்ட் காத்திருந்துதான் எழும். இரண்டையும் கான்ஃபிக் பிட்டில் (புரோகிராமோடு சேர்த்துச் சிப்பில் எழுதும் அமைப்பு) போட வேண்டும். ரீசெட்டில் பின்கள் இன்புட் ஆகிவிடுவதால் ரிலே தானாக இழுக்காது. மறக்கக் கூடாதது எல்விபி (குறைந்த வோல்டேஜிலேயே புரோகிராம் செய்ய விடும்) பிட். அது ஆனில் இருந்து ஆர்பி3 பின் எங்கும் இணைக்கப்படாமல் தொங்கினால், காண்டாக்டர் இழுக்கும் இரைச்சலே சிப்பை புரோகிராமிங் மோடுக்குத் தள்ளிவிடும். போர்டில் குறை தேடி நாள் போகும். குறை கான்ஃபிக் பிட்டில் இருக்கும்.

ஏடிமெகா328பி. பிரவுன்-அவுட் உண்டு: 1.8, 2.7, 4.3 என மூன்று அளவு. புதுச் சிப்பில் அது ஆஃப். ஆர்டுயினோ ஊனோ போர்டில் 2.7. 16 மெகாஹெர்ட்ஸில் ஓட இந்தச் சிப்புக்குச் சுமார் 3.8 வோல்ட்டாவது தேவை. ஆக 2.7க்கும் 3.8க்கும் நடுவே சிப் ஓடிக்கொண்டிருக்கும், சரியாக ஓடுவதற்கு உத்தரவாதம் இல்லை. ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) சேமித்த டைமர் அளவுகள் கெட்டுப்போவது அந்த இடைவெளியில்தான். எக்ஸ்டெண்டட் ஃப்யூஸை (இந்தச் சிப்பின் அமைப்பு பிட்) மாற்றி 4.3க்கு வைத்தால் தீர்ந்தது.

ரீசெட்டுக்குக் காரணம் எம்சியூஎஸ்ஆர் ரெஜிஸ்டரில் இருக்கும். முதன்முறை பவர் வரும்போது பிரவுன்-அவுட் கொடியும் (காரணத்தைக் குறிக்கும் பிட்) சேர்ந்தே ஏறலாம் என்பதால், பவர்-ஆன் கொடியை முதலில் பாருங்கள். படித்ததும் அழித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் நேற்றைய காரணம் இன்றைக்கும் காட்டும். வாட்ச்டாக் (புரோகிராம் தொங்கினால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) செய்த ரீசெட்டுக்குப் பிறகு வாட்ச்டாக் அணையாது, 16 மில்லிசெகண்ட் அளவில் ஓடிக்கொண்டே இருக்கும். எஸ்எம்எஸ்ஸுக்கான ஜிஎஸ்எம் மாட்யூல் எழுவதற்காகத் தொடக்கத்தில் சில செகண்ட் டிலே வைத்திருந்தால் முடிவில்லாத ரீசெட்தான். கொடியை அழித்து வாட்ச்டாக்கை நிறுத்துவது கோடின் முதல் வேலையாக இருக்கட்டும்.

எஸ்டிஎம்32எஃப்103. 3.3 வோல்ட் சிப். 2 வோல்ட் வரை முழு வேகத்தில் ஓடும். ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கு 4.4 கிடைத்தாலே 3.3 முழுசாக வரும். மேலே சொன்ன சரிவில் மற்ற மூன்றும் தடுமாறும்போது இது அசையாது. ஆனால் அதுவே ஒரு தொல்லை. அதே 150 வோல்ட்டில் காண்டாக்டர் காயில் விட்டுவிடலாம். சிப்போ மோட்டார் ஓடுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். காண்டாக்டரின் ஆக்ஸிலரி காண்டாக்டை (காண்டாக்டர் இழுத்திருக்கிறதா என்று காட்டும் சின்ன சுவிட்ச்) ஆப்டோகப்ளர் வழியாக இன்புட்டாக எடுக்காமல் இந்தச் சிப்பைப் போர் பேனலில் வைக்கக் கூடாது. ரிலேக்குப் பின் தேர்ந்தெடுக்கும்போது பிஏ13, பிஏ15, பிபி4 ஆகியவற்றைத் தவிர்க்கவும். ரீசெட்டில் அவை ஜேடேக் (டீபக்) பின்கள், புல்-அப்போடு எழும்.

இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்தி அவசர வேலைக்குத் தாவுவது) விஷயத்தில் தாளில் வித்தியாசம் பெரிது. 12 மெகாஹெர்ட்ஸ் 8051 அதற்குள் நுழைய 3 முதல் 8 மைக்ரோசெகண்ட். மற்ற மூன்றும் ஒரு மைக்ரோசெகண்டுக்குள் நுழைந்துவிடும். ஆனால் மூணு பேஸின் வரிசை பார்க்க ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 6.67 மில்லிசெகண்ட். நிமிடத்துக்கு 150 ஊடை வீச்சு (பிக்) ஓடும் தறியில் ஒரு வீச்சுக்கு 400 மில்லிசெகண்ட். இதற்கு வேகம் பார்த்துச் சிப் வாங்குவது வீண் செலவு.

பார்க்க வேண்டியது ஒன்று இன்னொன்றைத் தடுக்குமா என்பது. ஏடிமெகாவில் ஒரு இன்டரப்ட் ஓடும்போது மற்றவை காத்திருக்கும். பிக் சிப்பில் எல்லாவற்றுக்கும் 0004 என்ற முகவரியில் ஒரே வாசல். யார் கூப்பிட்டது என்று நீங்களே கொடிகளைப் பார்க்க வேண்டும். ஒன்றை அழிக்க மறந்தால் அதற்குள்ளேயே சுற்றும். ஜிஎஸ்எம் மாட்யூல் 9600 பாடில் அனுப்பினால் ஓர் எழுத்துக்கு ஒரு மில்லிசெகண்ட். வேறொரு இன்டரப்டில் இரண்டு மூன்று மில்லிசெகண்ட் தங்கினால் எஸ்எம்எஸ்ஸில் எழுத்து விழும். 8051-இல் இரண்டு பிரையாரிட்டி (முன்னுரிமை) நிலை இருப்பதால் சீரியலுக்கு மேல் நிலை கொடுத்துச் சமாளிக்கலாம்; பழைய சிப்புக்கு இந்த ஒரு பெருமை உண்டு. எட்டு பிட் சிப் மூன்றிலும் 16 பிட் கவுண்டரை மெயினில் படிக்கும் முன் இன்டரப்டை நிறுத்துங்கள். இல்லையென்றால் 255 எப்போதாவது 511 ஆகத் தெரியும்.

எஸ்டிஎம்32-க்கு 16 பிரையாரிட்டி நிலை. எட்டு ரெஜிஸ்டரை ஹார்டுவேரே ஸ்டாக்கில் வைத்துவிடும். கொடியை இன்டரப்டின் கடைசி வரியில் அழித்தால் மட்டும் அதே இன்டரப்ட் இரண்டு முறை ஓடக்கூடும். முதல் வரியிலேயே அழியுங்கள். இந்தச் சிப்பின் காசு நியாயமாவது திருப்பூர் நிட்டிங் மெஷினில். 30 இஞ்ச் விட்டம், 24 கேஜ் (இஞ்சுக்கு 24 ஊசி) மெஷினில் ஏறக்குறைய 2,260 ஊசி. நிமிடத்துக்கு 25 சுற்று என்றால் ஊசிக்கு ஒரு மில்லிசெகண்ட் சொச்சம். என்கோடரை (சுழற்சியைப் பல்ஸாகத் தரும் சென்சார்) டைமரே எண்ணிக்கொள்ளும், இன்டரப்டே வேண்டாம்.

போர் பேனலுக்கு என்றால் 4.3 ஃப்யூஸ் போட்ட ஏடிமெகாதான் என் தேர்வு. கையில் பிக் புரோகிராமர் இருந்தால் 877ஏ. 8051-ஐ இனிப் புது டிசைனுக்கு எடுக்க வேண்டியதில்லை. எந்தச் சிப்பானாலும் காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 ஸ்னப்பர் (இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர்-கெபாசிட்டர் ஜோடி) வேண்டும். ரீசெட்டுக்குப் பிறகு, காரணம் எதுவானாலும், குழாய்த் தண்ணீர் இறங்கி முடியும் வரை இரண்டு நிமிடமாவது மோட்டாரை ஸ்டார்ட் செய்யக் கூடாது.