ஊட்டிக் குளிரில் பல் சிமென்ட்: கோல்டு லேபிள் 9 எப்படி?

சொத்தைப் பல்லுக்குச் 'சிமென்ட் வைக்கிறது' என்று மலையில் சொன்னால் பெரும்பாலும் அது கிளாஸ் அயனோமர்தான். கிளினிக்கில் சுருக்கமாக ஜிஐசி என்பார்கள். அதிலும் கடைவாய்ப் பல்லின் கடியைத் தாங்குவதற்கென்று கெட்டியாகச் செய்த வகைக்கு 9 என்று எண். ஜிசி நிறுவனத்தின் கோல்டு லேபிள் 9 அந்த வகைதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எஸ்டேட் முகாம்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது மிகப் பொருத்தமான சரக்கு. ஆனால் கோயம்புத்தூரில் கலக்குகிற அதே கையோடு ஊட்டியில் கலந்தால் கெட்டுப்போகும். அப்படிக் கெட்டால் குறை சிமென்ட்டில் இல்லை.

பெட்டிக்குள் ஒரு பொடி, ஒரு திரவம். பொடி என்பது ஃப்ளூரைடு கலந்த ஒருவகைக் கண்ணாடித் தூள். திரவம் பாலிஅக்ரிலிக் அமிலம். இரண்டும் சேர்ந்ததும் அமிலம் கண்ணாடியின் மேற்பரப்பைக் கரைக்கிறது. அதிலிருந்து வெளிவரும் கால்சியமும் அலுமினியமும் அமிலச் சங்கிலிகளைக் கட்டிப் பிடிக்க, கலவை இறுகுகிறது. அதே அமிலம் பல்லில் உள்ள கால்சியத்தையும் பிடித்துக்கொள்வதால் சிமென்ட் தானாகவே பல்லோடு ஒட்டுகிறது. பிடிமானத்துக்காக நல்ல பல்லைக் குடைய வேண்டியதில்லை. இறுக வைக்க நீல விளக்கும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வரும் எஸ்டேட் லயன் பக்கம் முகாம் நடத்துபவர்களுக்கு இதன் அருமை தெரியும். கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இதை வைத்து அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் தொடங்கியது. 1994இல் உலக சுகாதார நிறுவனமும் அதை முன்னிறுத்தியது.

அளவு எளிது: தட்டையாக வழித்த ஒரு கரண்டிப் பொடிக்கு ஒரு சொட்டுத் திரவம். எடையில் 3.6 பங்குக்கு 1 பங்கு. பொடியை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியைப் பத்து விநாடி, மீதியையும் சேர்த்து மொத்தம் 25 முதல் 30 விநாடிக்குள் கலந்து முடிக்க வேண்டும். கலக்கத் தொடங்கியதிலிருந்து சுமார் இரண்டு நிமிடம்தான் கையில் இருக்கும் நேரம். இது 23 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு.

மார்கழி, தை மாதக் காலையில் ஊட்டியில் அறைக்குள்ளேயே அந்த வெப்பம் இருக்காது. குளிரில் திரவம் பாகுபோலக் கெட்டிப்படும். புட்டியை அழுத்தினால் சொட்டு சரியாக விழாது, பாதி காற்றுக்குமிழாக வரும். கலவை வறண்டு திரிதிரியாக நிற்பதைப் பார்த்து உதவியாளர் இன்னொரு சொட்டு விடுவார். கெடுவது இங்கேதான். ஒரு சொட்டு கூடினால் கலவை வழவழவென்று அழகாக வரும். ஆனால் இறுகிய பிறகு வலு குறையும், அமிலம் மிஞ்சிப் பல் கூசவும் கூடும். இதற்கு வழி, திரவப் புட்டியைப் பத்து நிமிடம் சட்டைப் பையில் வைத்திருப்பது. வெந்நீரில் வைக்கக் கூடாது. அப்புறம் கலக்கும்போதே இறுகிவிடும். சொட்டு விடும்முன் புட்டியைச் சாய்த்துக் குமிழை மேலேற்றிவிட்டு, நேர்ச்செங்குத்தாகப் பிடித்து மெதுவாக அழுத்த வேண்டும்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மூடுபனி நாட்களில் வேறொரு தொல்லை. ஜில்லென்ற கண்ணாடிப் பலகையில் ஈரம் படியும். மூக்குக்கண்ணாடி மங்குவது போலத்தான், கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அந்த ஈரமும் கலவைக்குள் போகும். கண்ணாடிப் பலகையை விட்டுவிட்டுக் கலக்கும் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பொடிப் புட்டியின் மூடியை உடனே இறுக்குங்கள்.

குழியைச் சுரண்டியதும் பல்லை ஒட்டுக்குத் தயார்செய்யும் அமிலக் கண்டிஷனரை 20 விநாடி தடவிக் கழுவ வேண்டும். பிறகு பஞ்சால் ஒற்றினால் போதும். காற்றடித்துக் காயவைத்தால் ஒட்டு குறையும். சிமென்ட் பளபளப்பாக இருக்கும்போதே குழிக்குள் போக வேண்டும். பளபளப்பு மங்கினால் பல்லைப் பிடிக்க வேண்டிய அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதைத் தூக்கிப் போடுங்கள். சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல. வாசலின் தடவிய விரலால் அழுத்தி, இறுகியதும் மேலே வார்னிஷ் பூசவேண்டும். முதல் சில நிமிடத்தில் எச்சில் பட்டால் மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிரும்.

இறுகிவிட்டதா என்று பார்க்கத் தாளில் மீந்த கலவையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். குளிர் அறையில் அது தாமதமாகத்தான் இறுகும், வாயின் சூட்டில் இருப்பது அதற்கு முன்பே இறுகிவிடும். ஆகவே மீந்தது கெட்டியாகும்வரை காத்திருப்பது நஷ்டமில்லை. வீட்டுக்குப் போகிறவர் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. வெளியே வந்ததும் சூடாக ஒரு டீயும் வர்க்கியும் என்பது அதற்குப் பிறகுதான்.

இது எங்கே ஒத்துவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரியவர்களின் கடைவாய்ப் பல்லில் ஒரு சுவரே உடைந்து போன பெரிய குழிக்கு இதை மட்டும் வைத்தால் விளிம்பு விரிசல் விடும். முன்பல் முனை உடைந்ததற்கும் ஆகாது. வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்குக் கறை ஏறும், பாக்கைக் கடிக்கிற கடியில் தேயவும் செய்யும். நன்றாக நிற்கும் இடங்கள் பால்பற்கள், கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் மட்டும் உள்ள குழி, கரியும் உப்பும் வைத்துத் தேய்த்து ஈறோரம் பள்ளமான பல்.

பெரிய குழிக்குக் கம்பாசிட் என்ற பிசின் அடைப்பு வேண்டும். அது பல் நிறத்திலேயே இருக்கும், வலுவானது. ஆனால் இறுகும்போது 2 முதல் 3 சதவீதம் சுருங்கும் என்பதால் 2 மில்லிமீட்டர் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் 20 விநாடி போல விளக்கு காட்ட வேண்டும். மொத்தமாகத் திணித்து ஒரே தடவை விளக்கு காட்டினால் அடியில் மாவாகவே நிற்கும். எச்சிலின் ஈரமும் அதற்கு ஆகாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வைத்தால் விறைப்பில் ஓரங்களுக்குப் பரவாது, இடைவெளி விழும். ஆழமான குழியில் அடியில் ஜிஐசி, மேலே கம்பாசிட் என்று இரண்டையும் சேர்ப்பது நல்ல ஏற்பாடு. வெள்ளி அடைப்பில் பாதி பாதரசம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து அதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. வாயில் ஏற்கெனவே நன்றாக இருப்பதைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை.

எந்தச் சிமென்ட்டும் தீர்க்காத வலி ஒன்று உண்டு. குளிர்ந்த தண்ணீர் பட்டுச் சுரீரென்று கூசி உடனே அடங்கினால் அடைத்தால் போதும். சூடான டீ குடித்த பிறகு நிமிடக்கணக்கில் விண்விண்ணென்று நின்றாலோ, ராத்திரி வலியில் தூக்கம் கலைந்தாலோ, பல்லுக்குள் நரம்பு இருக்கும் கூழ் பழுதாகிவிட்டது. அதற்கு வேர் சிகிச்சை. அதை அடைத்து மூடினால் வீக்கத்தோடு திரும்பி வருவார். கிராம்பு வாசம் வரும் தற்காலிக அடைப்பை வைத்து அனுப்பினால், வலி நின்றது என்று மாதக்கணக்கில் அப்படியே விடுகிறவர்களும் உண்டு. அது கரைந்து, உள்ளே சொத்தை தொடர்ந்து போகும்.

முகாம் நடத்துபவர்கள் கவனிக்க இன்னொன்று. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கருவிகளைக் கொதிக்க வைப்பது கிருமிநீக்கம் ஆகாது. நீராவியால் கிருமி நீக்கும் குக்கர் மாதிரி ஆட்டோகிளேவில் முள் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 121 டிகிரி வராது, 117 போலத்தான் நிற்கும். அழுத்தத்தை மட்டும் காட்டும் கருவியை நம்பாமல், வெப்பத்தை அளந்து ஓடுகிற இயந்திரத்தை வாங்குங்கள்.

அடைத்து முடிந்ததும், அடைப்பு மேடாக நிற்கிறதா என்று பார்க்க நீலத் தாளைக் கடிக்கச் சொல்வார்கள். படுத்த நிலையில் கடித்தால் கடி சரியாக விழாது. எழுந்து நேராக உட்கார்ந்து கடியுங்கள். மரத்துப்போன வாயில் மேடு தெரியாது. மறுநாள் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் 'போகப் போகச் சரியாகும்' என்று விடாதீர்கள். மேட்டைத் தேய்த்துவிட இரண்டு நிமிடம் போதும். கூடலூர், மஞ்சூர் மாதிரித் தொலைவிலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸுக்கு அவசரப்படாமல் இந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.