விஎச்டி கோப்பிலிருந்து விண்டோஸ்: நாள்பட்ட அனுபவம்

ஒரே மடிக்கணினியில் இரண்டு விண்டோஸ் வேண்டும், ஆனால் டிஸ்க்கைக் கூறுபோட மனமில்லை என்பவர்களுக்கு விஎச்டி (மெய்நிகர் ஹார்ட் டிஸ்க் கோப்பு) பூட் தோதானது. முழு விண்டோஸும் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். ஆன் செய்ததும் வரும் மெனுவில் தேர்ந்தெடுத்தால் நேராக அதிலிருந்தே கிளம்பும். விர்ச்சுவல் மெஷின் (ஒரு விண்டோஸுக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வேறு, இது வேறு. இங்கே டிஸ்க் மட்டும்தான் மெய்நிகர். ராம், பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் அசல். என் 8 ஜிபி ராமில் விர்ச்சுவல் மெஷின் திணறும்; இதில் அந்தப் பேச்சே இல்லை.

2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்தபோது அல்டிமேட், என்டர்பிரைஸ் பதிப்புகளுக்கு மட்டுமே இந்த வசதி இருந்தது. விண்டோஸ் 8-இல் விஎச்டிஎக்ஸ் என்ற புதிய கோப்பு வடிவம் வந்தது. நான் வைத்திருப்பது விண்டோஸ் 10 ப்ரோ.

இதை நான் இன்னும் விடாமல் இருப்பதற்குக் காரணம் டிஃபரன்சிங் டிஸ்க், அதாவது மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதும் முறை. டிரைவர்கள், தமிழ் விசைப்பலகை எல்லாம் போட்டுச் சுத்தமான ஒரு தாய்க் கோப்பு. அதன்மேல் டிஸ்க்பார்ட்டில் (விண்டோஸின் டிஸ்க் கட்டளைக் கருவி) ஒரு சேய்க் கோப்பு. பூட் ஆவது சேயிலிருந்துதான். புது மென்பொருள், சந்தேகமான டிரைவர் எதுவானாலும் அங்கே போட்டுப் பார்ப்பேன். குப்பையாகிவிட்டதா, முதன்மை விண்டோஸுக்கு வந்து சேயை அழித்து, அதே பெயரில் இன்னொன்று உருவாக்கினால் போதும். பூட் மெனுவைத் தொடவே வேண்டாம். தாய்க் கோப்பில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது கொஞ்சம் மாறினாலும் சேய் செல்லாது. அதனால் தாய்க்கு ரீட்-ஒன்லி போட்டுவிடுவது நல்லது.

தொல்லைகளும் உண்டு. 60 ஜிபி உச்சவரம்பு வைத்த வளரும் கோப்பு 15 ஜிபிதான் இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பூட் ஆகும்போது முழு 60 ஜிபிக்கு விரியும். டிரைவில் அத்தனை இடம் இல்லையென்றால் நீலத்திரைதான். பேஜ் ஃபைலும் (ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) விஎச்டிக்கு வெளியே, அதே டிரைவில் உட்காரும். ஸ்லீப் உண்டு, ஹைபர்னேட் (நிலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைவது) கிடையாது. கோப்பு இருக்கும் டிரைவில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் மறையாக்கம்) இருக்கக் கூடாது. புது மடிக்கணினிகள் பலவற்றில் அதன் எளிய வடிவமான டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அலுவலகக் கோப்புகளைச் சுமக்கும் கணினி என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்பேன்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடியும்வரை மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டுகள் சரியாக ஏறின. பதிப்பு மாறும் பெரிய அப்டேட்டோ, மெய்நிகர் டிரைவில் முடியாது என்று மறுத்துவிடும். கோப்பை ஹைப்பர்-வியில் (மைக்ரோசாஃப்டின் விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்) மாட்டி ஏற்றுபவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அப்போதெல்லாம் தாய்க் கோப்பையே புதிதாகச் செய்துவிடுகிறேன்.