அண்ணாச்சி படித்த டெஸ்ட்: பிஎச்பியூனிட்டின் டெஸ்ட்டாக்ஸ் வசதி, என் அனுபவம்

பாளை மார்க்கெட்டில் கருப்பட்டியும் பலசரக்கும் மொத்தமாக விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு நூற்றுச்சொச்சம் யூனிட் டெஸ்ட், அதாவது மென்பொருளின் ஒவ்வொரு சிறு பகுதியும் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் குட்டி நிரல்கள். ஓட்டினால் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். ஆனாலும் வாரம் ஒருமுறை போன் வந்துவிடும்: "நான் சொன்ன மாதிரி இல்லையே தம்பி."

அந்தத் தொல்லையில்தான், பிஎச்பி மொழியில் டெஸ்ட் ஓட்டும் கருவியான பிஎச்பியூனிட்டில் இருக்கும் டெஸ்ட்டாக்ஸ் ஆப்ஷனைப் போட்டுப் பார்த்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு டெஸ்ட் ஃபங்ஷன் பெயரின் முன்னால் இருக்கும் 'டெஸ்ட்' என்பதை வெட்டும், ஒட்டிக்கிடக்கும் வார்த்தைகளைப் பிரிக்கும், டிக் போட்டு ஒரு வரியாகக் காட்டும். ஜாவா பக்கம் கிறிஸ் ஸ்டீவன்சன் எழுதிய குட்டிக் கருவியிலிருந்து வந்த பெயர் இது. அதைப் பார்த்ததுதான் தனக்குப் பொறி தட்டிய இடம் என்று, மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முதலில் வாக்கியமாகச் சொல்லிவிட்டு நிரல் எழுதும் பிடிடி முறையைக் கொண்டுவந்த டான் நார்த் 2006-இல் எழுதியிருக்கிறார்.

பிஎச்பியில் ஃபங்ஷன் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். வார்த்தைகளுக்கு நடுவே அடிக்கோடு போட்டால் டெஸ்ட்டாக்ஸ் அதை இடைவெளியாக்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பெயர்களை மாற்றினேன். எச்டிஎம்எல் கோப்பாக எடுத்து, பிரிண்ட் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழாவது வரியில் நின்றுவிட்டார். 'பழைய பாக்கி இருந்தால் கடன் தருவதில்லை.'

"இத யாரு சொன்னா? பாக்கி இருந்தா கடன் கிடையாதுன்னா, கடையில ஈதான் ஓட்டணும். பதினஞ்சு நாள் தாண்டுனாத்தான் கிடையாது."

அந்த டெஸ்ட் மாதக்கணக்காகப் பச்சையாக இருந்தது. தப்பான விதியைச் சரியாகச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நிரலை அவரிடம் காட்டியிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

ஆசையில், விதிகளைச் சாதாரண வாக்கியங்களாகவே எழுதி டெஸ்ட்டாக ஓட்ட உதவும் கெர்கின் பக்கமும் போனேன். அதில் தமிழுக்கே தனிச் சொற்கள் உண்டு: காட்சி, கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது. சொல் தமிழ், நடை தமிழில்லை. நாம் 'கட்டினால்', 'கட்டும்போது' என்று கடைசியில் வைப்பதை அது வரியின் தலையில் வைக்கச் சொல்கிறது. 'எப்போது வாடிக்கையாளர் பணம் கட்டுகிறார்' என்று ஒரு வரி. அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "எப்பம்னு எங்கிட்டயா கேக்க? சாயங்காலம் வந்து கட்டுவான்." அந்தச் சொற்களுக்குப் பதில் வெறும் நட்சத்திரக் குறி போட்டாலும் கெர்கின் ஏற்றுக்கொள்ளும். போட்டபின் வரிகள் பேச்சுத்தமிழ் பக்கம் வந்தன. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் தனியாக நிரல் எழுதிக் கோர்க்க வேண்டும். ஒற்றை ஆளாக எனக்குக் கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டேன்.

டெஸ்ட்டாக்ஸிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அது பெயரை மட்டும்தான் படிக்கும், உள்ளே என்ன சோதிக்கிறோம் என்று எட்டிப்பார்க்காது. 'எடை கால் கிலோ குறைந்தால் விலையும் குறையும்' என்ற டெஸ்ட்டுக்குள் அவசரத்தில் முழுக் கிலோ கணக்கை மட்டும் விட்டுவைத்திருந்தேன். டிக் விழுந்தது, அண்ணாச்சியும் தலையாட்டினார். தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் பெயரைத் தொட்டால் உள்ளடக்கத்தையும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் பிரிண்ட் எடுக்கிறேன்.

காசு கிடையாது, தனியாக எதையும் நிறுவவும் வேண்டாம். ஏற்கெனவே டெஸ்ட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஓட்டிப் பார்க்கலாம். டெஸ்ட்டுக்கு ஒன்று, இரண்டு என்று பெயர் வைத்திருப்பவர்களுக்கு அசிங்கமாகத்தான் வரும்.

அந்தத் தாள் இப்போது கல்லாவுக்கு மேலே, காலண்டர் ஆணியில் தொங்குகிறது. 'பில்லில் பைசா தள்ளுபடி' என்ற வரிக்குப் பக்கத்தில் நீலப் பேனாவில் 'கருப்பட்டிக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறார். அதற்கு இன்னும் டெஸ்ட் எழுதவில்லை.