யுரேனஸின் வளையங்கள்: படமா, கோடா, கண்ணாடித் தாளா?

வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் வானியல் சொல்லித் தருபவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட கதையில் நம் ஜவ்வாது மலைக்கும் பங்கு இருக்கிறது. 1977 மார்ச்சில், அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த காவலூர் ஆய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி ஒரு விண்மீனைக் கவனித்துக்கொண்டிருந்தது. யுரேனஸ் அதை நெருங்கும் வேளையில் விண்மீனின் ஒளி சில வினாடிகள் குன்றி, பிறகு மீண்டது. கண்டுபிடிப்பின் தொடக்கம் இவ்வளவுதான். வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அப்படியானால் எட்டாம் வகுப்பு மாணவிக்கு இதை எதைக் கொண்டு விளக்குவது?

பலரும் முதலில் எடுப்பது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 2023ஆம் ஆண்டுப் படம். அழகில் அதற்கு ஈடில்லை. வகுப்பே வாய்பிளந்து நிற்கும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்தது. அந்த நீலமும் செம்மஞ்சளும் பின்னர் ஏற்றிய நிறங்கள். உண்மையில் அந்த வளையங்கள் கரியைப் போல் இருண்டவை. அதைவிடப் பெரிய குறை, விடையை முதலிலேயே கொடுத்துவிடுவது. பார்த்த குழந்தைக்குக் கேட்க எதுவும் மிஞ்சுவதில்லை. சிறிய தொலைநோக்கியில் நேரில் காட்டினாலோ வெளிர்பச்சைப் புள்ளி மட்டுமே தெரியும்.

இரண்டாவது, நேரம் போகப் போக விண்மீனின் ஒளி எவ்வளவு இருந்தது என்று காட்டும் கோடு. கரும்பலகையில் ஒரு நேர்கோடு, அதில் ஒரே ஒரு சிறு பள்ளம். "இங்கே என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டால் மேகம், பறவை, நிலா என்று பதில்கள் வரும். நிலா என்று சொல்லும் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள்: காவலூர்க் குழுவும் முதலில் அதைப் புதிய துணைக்கோள் என்றே கருதியது. பிறகு, விமானத்தில் இருந்தபடி அளந்த அமெரிக்கக் குழுவின் கோட்டை வரையுங்கள். கோள் விண்மீனை மறைப்பதற்கு முன்னும் பின்னும், கோளிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவுகளில் பள்ளங்கள். துணைக்கோள்கள் அப்படி இருபுறமும் இணை இணையாக நிற்பது அரிது; வளையங்கள் என்றால் எல்லாம் பொருந்துகிறது. இந்த இடத்தில்தான் கற்பனை அறிவியலாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் வரைபடம் வாசித்துப் பழகாதவர்களுக்குக் கோடு வெறும் கிறுக்கல். அவர்களுக்கு மூன்றாவது வழி. ஒளி ஊடுருவும் தாளின் நடுவே 5 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வட்டம் ஒட்டுங்கள். அதன் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, மெல்லிய மார்க்கரால் ஒரு வளையம் வரையுங்கள். டார்ச்சின் வாயை அட்டையால் மூடி, ஊசித்துளை இடுங்கள். ஒரு மாணவி ஒற்றைக் கண்ணால் துளையைப் பார்க்க, இன்னொருத்தி தாளைக் குறுக்கே மெதுவாக நகர்த்தட்டும். "மங்குது... வந்துடுச்சு... இப்போ ஒண்ணுமே தெரியல... வந்துடுச்சு... மறுபடியும் மங்குது!" மூன்றாமவள் அதைக் கேட்டுக் கோடு வரைவாள். இந்த அளவில் யுரேனஸின் மிக அகன்ற முதன்மை வளையமே தலைமுடி பருமன்தான் என்பதையும் சொல்லுங்கள். மார்க்கர் கோடு அதைவிடத் தடித்தது.

என் தேர்வு: தாள் முதலில், கோடு அடுத்து, படம் கடைசியில். ஒரே பாடவேளைதான் கிடைக்கும் என்றால் படத்தை விட்டுவிடலாம். தாளை விடக் கூடாது. நேரம் இருந்தால், வெப் படத்துக்கு முன் வாயேஜர் 2 விண்கலம் 1986 ஜனவரியில் அருகே சென்று எடுத்த படங்களைக் காட்டுங்கள். தாங்கள் ஊகித்த வளையம் அங்கே இருக்கிறதா என்று பிள்ளைகள் தேடுவார்கள்.