அகழிக் காயத்துக்கு எது சரி: டாக்கின் நீரா, உப்பு நீரா, பிப் பசையா, கத்தியா?

முதல் உலகப் போருக்காக 1914-ல் பிரான்சுக்குப் போன பிரிட்டிஷ் சர்ஜன்களுக்குத் தெரிந்த போர்க்காயம் தென்னாப்பிரிக்கப் போயர் போரில் பார்த்தது. அங்கே காய்ந்த மண், துப்பாக்கிக் குண்டின் சிறு துளை. கட்டுப் போட்டு விட்டாலே பெரும்பாலும் ஆறிவிடும். பெல்ஜியம்–பிரான்ஸ் எல்லையிலுள்ள பிளாண்டர்ஸ் போர்முனையில் கதையே வேறு. பல தலைமுறையாகச் சாணம் போட்டு உழுத வயலில் அகழி வெட்டியிருந்தார்கள். ஷெல் சில்லு தொடையைக் கிழிக்கும்போது கம்பளிச் சீருடையின் துணுக்கையும் சேற்றையும் சேர்த்தே உள்ளே செருகிவிடும். அந்தச் சேற்றிலிருக்கும் கிளாஸ்ட்ரிடியம் கிருமிக்கு ஆக்சிஜன் ஆகாது. ரத்தம் ஓடாத செத்த சதை அதற்குச் சொர்க்கம். கால் வீங்கும், தோலை அழுத்தினால் உள்ளே நறநறவென்று காற்றுக் குமிழி உடையும், ஒன்றிரண்டு நாளில் ஆள் போய்விடுவார். இதுதான் வாயு அழுகல். இப்படிப்பட்ட காயத்தைத் தைத்து மூடுவது, ஊறுகாய் ஜாடிக்கு மூடி போட்டுக் கிருமிக்கு வசதி செய்து கொடுப்பதுதான்.

இதற்கு நான்கு முகாம்கள் நான்கு பதில் சொன்னன.

அதிகம் பேசப்பட்டது காரெல்–டாக்கின் முறை. நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரெல் 1915-ல் பிரான்சின் கோம்பியேன் ஊரில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பண உதவியோடு மருத்துவமனை திறந்தார். மருந்தைச் செய்து கொடுத்தவர் வேதியியலாளர் ஹென்றி டாக்கின். தொடக்கத்தில் செய்முறை இப்படி: 10 லிட்டர் குழாய் நீரில் 140 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட், 200 கிராம் பிளீச்சிங் பவுடர், நன்றாகக் குலுக்கி, அரை மணி கழித்துத் தெளிந்த நீரை இறுத்துப் பஞ்சில் வடிகட்டி, 40 கிராம் போரிக் ஆசிட் சேர்க்க வேண்டும். கிருமியைக் கொல்லும் குளோரின் உப்பான ஹைப்போகுளோரைட்டின் அளவு 0.45-க்கும் 0.5 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் தோல் வெந்துவிடும். சூடாக்கவும் கூடாது, வெளிச்சத்தில் வைக்கவும் கூடாது.

கஷ்டம் மருந்தில் இல்லை, அதைப் போடுவதில் இருந்தது. முனை கட்டப்பட்ட, பக்கவாட்டில் சிறு துளைகள் போட்ட ரப்பர் குழாய்களைக் காயத்தின் ஒவ்வொரு பொந்துக்குள்ளும் விட வேண்டும். இவை சீழ் வடிக்கும் குழாய்கள் அல்ல, மருந்தை உள்ளே கொண்டு போகும் குழாய்கள். நீர் காயத்தில் குளம் மாதிரி தேங்கும்படி வைக்க வேண்டும். சீழிலும் சதையிலும் பட்டவுடன் குளோரின் சக்தி இறங்கிவிடுவதால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவானாலும், கிளிப்பைத் திறந்து விட வேண்டும். சுற்றியுள்ள தோலுக்கு வாஸ்லின் தடவிய காஸ் துணி. இரண்டு நாளுக்கு ஒருமுறை காயத்தின் கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி (ஸ்மியர்) கிருமி எண்ணி, நுண்ணோக்கியில் பல பார்வைப் புலங்களுக்கு ஒரு கிருமி என்று இறங்கிய பிறகுதான் தையல். செத்த சதையைக் கரைப்பது இந்த நீரின் பலம். ஆனால் உறைந்த ரத்தத்தையும் கேட்கட் என்னும் குடல் தையல் நூலையும் அதே போலக் கரைக்கும். ரத்தக்குழாயைச் சரியாகக் கட்டாவிட்டால் பல நாள் கழித்துத் திடீர் ரத்தப்போக்கு.

பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருந்த பிரிட்டிஷ் கிருமியியலாளர் ஆல்ம்ராத் ரைட் இதை ஏற்கவில்லை. அவரிடம் வேலை பார்த்த அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு கண்ணாடிக் குழாயின் அடிப்பகுதியை உருக்கி முள் முள்ளாக இழுத்து, செயற்கைக் காயம் செய்தார். கிருமி கலந்த சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) ஊற்றிக் கொட்டினார். கிருமிநாசினி நிரப்பி வைத்து அதையும் கொட்டிவிட்டு, புதுச் சீரம் ஊற்றினார். கிருமி மறுபடி வளர்ந்தது. முள்ளின் நுனிக்கு மருந்து போகவில்லை. ஷெல் காயமும் அப்படிப்பட்ட பொந்துகள்தான். கூடவே, கிருமிநாசினி வெள்ளணுக்களையும் கொல்கிறது என்று காட்டினார்கள். ரைட்டின் மாற்று 5 சதவீத உப்பு நீர்: உடலின் நிணநீரை வெளியே இழுத்துக் காயத்தை உள்ளிருந்தே கழுவ வைப்பது. வாதம் கச்சிதம். ஆனால் ஊறி வரும் நீரே உப்பை நீர்க்க வைத்துவிடும், திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். உப்பு மாத்திரையைக் காஸில் சுற்றி அடைத்து, நாள் கணக்கில் விட்டு வைத்த வகைதான் நடைமுறைக்கு ஒத்துவந்தது. நாற்றம் தாங்காது, நாற்றத்தைப் பார்த்துப் பயந்து பிரித்தால் வேலை கெட்டது.

பிப் (BIPP) பசை இங்கிலாந்தின் நியூகாசில் சர்ஜன் ரதர்ஃபோர்ட் மாரிசன் தந்தது: பிஸ்மத் சப்நைட்ரேட் 1 பங்கு, அயோடோஃபார்ம் 2 பங்கு, பசையாகும் அளவு லிக்விட் பாரஃபின். காயத்தை வெட்டிச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் துடைத்து, மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தை வழித்துவிட்டுக் கட்டு. பிறகு நாள் கணக்கில் தொட வேண்டாம். பெரிய காயத்தில் தாராளமாக அப்பினால் அயோடோஃபார்ம் விஷமேறிப் பிதற்றல், பிஸ்மத்தால் ஈறில் கருநீலக் கோடு.

இனி கத்தி. பிரிட்டிஷ் ராணுவ சர்ஜன் கர்னல் ஹென்றி கிரேயும், பெல்ஜியத்தின் லா பான் மருத்துவமனையில் சர்ஜன் அன்த்வான் தெபாஜும் வற்புறுத்தியது இதைத்தான். தோல் விளிம்பில் மெல்லிய கீற்று போதும். அடியில் தசையைச் சுற்றியுள்ள உறையை நீளமாகத் திறக்க வேண்டும். தசையை, கிள்ளினால் துடித்து வெட்டினால் ரத்தம் வரும் இடம் வரை வெட்டியெடுக்க வேண்டும். எட்டாத இரும்புச் சில்லை விட்டாலும் விடலாம், துணித் துணுக்கை விடவே கூடாது. பிறகு திறந்தபடி வைத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்ததில் (கல்ச்சர்) ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இல்லையென்றால் சில நாள் கழித்துத் தையல். அடிபட்ட 8–12 மணி நேரத்துக்குள் மேசைக்கு வந்தால் மட்டுமே உடனே தைப்பதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் அதே சர்ஜன் கண்ணெதிரே ஒரு வாரமாவது படுத்திருக்க வேண்டும். தாக்குதல் நாளில் எந்த முன்னணி மருத்துவ நிலையத்திலும் அதற்குப் படுக்கை இருக்காது.

மருந்துச் சண்டையில் மறந்துபோவது, காரெலும் முதலில் வெட்டிச் சுத்தம் செய்யத்தான் சொன்னார் என்பது. கோம்பியேனின் நல்ல முடிவில் கத்திக்கு எவ்வளவு, குளோரினுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. என் கணக்கில் கத்திக்கே பெரும்பங்கு. சதை செத்துக் கிடக்கும்வரை எந்த நீரும் முள்ளின் நுனியைத் தொடாது.

வெட்டிய பிறகு எதைப் போடுவது என்பது நர்ஸ் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. நகராத வார்டு, ராத்திரியும் ஆள், பக்கத்தில் நுண்ணோக்கி என்றால் டாக்கின் நீர். அன்றிரவே ஆம்புலன்ஸ் ரயிலில் ஏற்ற வேண்டியவருக்குப் பிப் அல்லது உப்புப் பொதி. ரயிலில் குழாய் நழுவும், இரண்டு மணிக் கணக்கு தவறும், தள மருத்துவமனையில் கட்டைப் பிரிக்கும்போது குழாய் படுக்கையில் கிடக்கும்.