ஸ்ட்ராட் வகை கிட்டார் கிட்: நெக்குக்காக வாங்கலாம், பாடிக்கு மரமில்லுக்குப் போகலாம்

திருகாணி போட்டுப் பூட்டும் மேப்பிள் நெக் (கழுத்து), முன்பே குடைந்த பாடி (உடற்கட்டை), கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று பிக்கப்பும் ஒயரிங்கோடு பொருத்திய பிக்கார்டு (முகத் தகடு), கம்பியைப் பாடியில் தாங்கும் பிரிட்ஜ், கம்பியை முறுக்கும் ஆறு ட்யூனர், ஒரு பொட்டலம் திருகாணி. இணையக் கடைகளில் பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக விற்கும் ஸ்ட்ராட் வகை கிட்டார் கிட்டுகளில் பெட்டியின் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய இதுதான். வீட்டுப் பட்டறையில் முதல் எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய நினைக்கும் குமரி மாவட்டத்துக்காரர் இதை வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் நெக்குக்காக வாங்குங்கள். பாடியைப் பயிற்சிக்கட்டையாக எண்ணிக்கொள்ளுங்கள். மின்பாகங்களில் பாதியை மாற்றவும் கொஞ்சம் காசு ஒதுக்கி வையுங்கள்.

நெக்தான் இங்கே கிடைக்காத பொருள். தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து மில்களில் தேக்கும் பலாவும் கேட்ட கனத்தில் அறுத்துத் தருவார்கள். மேப்பிளுக்கு எங்கே போவது? மரம் கிடைத்தாலும் ஃபிரெட் என்ற குறுக்குக் கம்பிகளைப் பதிக்கும் காடி வெட்டுவது தனி வேலை. 25.5 அங்குல ஸ்கேல் (நெக்கின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட் என்ற சிறு கட்டையிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்) என்றால் 647.7 மி.மீ. அதை 17.817 ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃபிரெட் 36.35 மி.மீ. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்து அடுத்தது, இப்படியே போனால் பன்னிரண்டாவது 323.85 மி.மீ.யில் சரிபாதியாக வந்து நிற்கும். காடியின் அகலம் 0.6 மி.மீ.யை ஒட்டி இருக்க வேண்டும். சாதாரண ரம்பம் ஒரு மில்லிமீட்டரைத் தின்றுவிடும். அந்தக் காடியில் ஃபிரெட்டின் வேர் பிடிக்காது. இந்த வேலையை இயந்திரம் துல்லியமாக முடித்து, நெக்கின் வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியையும் உள்ளே வைத்துத் தருகிறது. கொடுக்கிற விலையில் பெரும்பங்கு இதற்கே தகும்.

இந்தக் கிட்டுகளின் அளவுகள் 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பின்பற்றியவை. நெக்கைத் தனியே செய்து நான்கு திருகாணியில் பூட்டும் அந்த அமைப்பு இருப்பதால்தான் பாடியை மட்டும் மாற்ற முடிகிறது. கிப்ஸன் லெஸ் பால் மாடல் போல நெக்கை ஒட்டிச் சேர்க்கும் கிட்டுகளை முதல் முயற்சிக்கு வாங்காதீர்கள். கோணம் அரை டிகிரி பிசகினாலும் பிறகு திருத்துவது மிகக் கடினம்.

நெக் வந்ததும் பூட்டிவிடக் கூடாது. நம்ம ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். உலர்ந்த கிடங்கிலிருந்து வந்த மரம் அதைக் குடித்து நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். சுவரில் சாய்த்து வைக்காமல் தொங்கவிடுங்கள். பிறகு நேர்விளிம்புள்ள இரும்பு ஸ்கேலை ஃபிரெட்டுகளின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ட்ரஸ் ராட் மரை இருபக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறதா, வளைவு அதற்குத் தகுந்தாற்போல மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திரும்பாமல் இறுகி நின்றால் அந்த நெக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இந்தக் கிட்டில் சமரசத்துக்கு இடமில்லாத ஒரே குறை அதுதான்.

ஃபிரெட்டுகள் ஒன்றிரண்டு உயர்ந்திருப்பது வழக்கம். மூன்று ஃபிரெட்டுகளின் மேல் மட்டும் நிற்கிற சின்ன இரும்புத் துண்டை வைத்து ஆட்டிப் பார்த்தால் நடுவில் உள்ளது உயரமா என்று தெரிந்துவிடும். முதலில் பிளாஸ்டிக் சுத்தியலால் மெதுவாகத் தட்டி உட்கார வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எல்லா ஃபிரெட் முதுகிலும் மார்க்கர் பூசி, நேரான அலுமினியச் சட்டத்தில் 400ஆம் எண் உப்புத்தாள் ஒட்டி, மை ஒரே சீராகப் போகும்வரை தேயுங்கள். தேய்த்து முடித்த ஃபிரெட் மேலே தட்டையாகிவிடும். அதை மறுபடி உருட்டாக்கும் அரம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தட்டை ஃபிரெட்டில் கம்பி நடுவில் நிற்காமல் விளிம்பில் படுவதால் சுருதி விலகும், இரைச்சலும் வரும்.

கிட்டோடு வரும் பிளாஸ்டிக் நட்டின் காடிகள் அநேகமாக எப்போதும் உயரமாகவே இருக்கும். மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால், முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் தெரிய வேண்டும். அதற்கு மேல் இருந்தால் திறந்த கம்பி சுருதியில் நிற்கும், முதல் ஃபிரெட்டில் பிடித்த கார்டு மட்டும் ஏறி ஒலிக்கும். ‘ட்யூனர் சரியில்லை’ என்று புலம்புகிறவர்களில் பலருக்கு உண்மையான வில்லன் இந்த நட்தான். எலும்பு நட் போடுவது நல்லது.

இனி பாடி. கிட்டில் வருவது பாஸ்வுட் அல்லது பாப்ளர் போன்ற மென்மையான மரம். எடை குறைவு, ஒலியிலும் குறை சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடங்களில். பிரிட்ஜ் திருகாணிகளை இரண்டு முறை கழற்றி மாட்டினால் துளை பொடிந்துவிடும். நெக் உட்காரும் பள்ளம் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் வரை தளர்வாக வரும். மேலே பூசிய சீலர் சாயத்தைக் குடிக்காது. அதனால் மரநிறம் தெரியச் சாயமேற்ற நினைப்பவர்கள் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஸ்ட்ராட் பாடிக்கு 20 அங்குல நீளம், 14 அங்குல அகலம், ஒன்றேமுக்கால் அங்குலக் கனத்தில் பலகை வேண்டும். மில்லில் கன அடிக் கணக்கில் சொன்னால் 0.28, அறுப்பு, இழைப்புச் சேதத்தையும் சேர்த்து 0.4 கன அடி வாங்கினால் போதும். ஒரே பலகையில் 14 அங்குல அகலம் தேடி அலைய வேண்டாம். ஏழரை அங்குலத்தில் இரண்டு எடுத்து நடுவில் ஒட்டுங்கள். அந்த ஒட்டுக்கோடே பிறகு மையக்கோடாகப் பயன்படும்.

எந்த மரம் என்பதில் எங்கள் வரிசை: முதலில் மஹோகனி, அடுத்து பலா, பிறகு அயினி, கடைசியில் தேக்கு. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாவை விட்டு வேறு மரத்தை நம் ஆட்கள் எளிதில் நினைப்பதில்லை. கிட்டார் பாடிக்கும் அது உறுதியாக நிற்கிறது, எண்ணெய் பூசினால் பொன்மஞ்சள் நாளாக நாளாகப் பழுப்பேறும். தேக்கு அழகுதான், ஆனால் எடை. பாஸ்வுட் பாடி இரண்டு கிலோவுக்குள் அடங்கும் என்றால் தேக்கு இரண்டரையைத் தாண்டிவிடும்; ஆராதனை முழுவதும் தோளில் மாட்டி நிற்கிற சர்ச் கொயர் ஆளுக்கு அது தெரியும். தேக்கின் எண்ணெய்ப்பசை பசையையும் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் ஒட்டும் முகங்களை அசிட்டோனால் துடைக்க வேண்டும். ரப்பர் மரம் மலிவு, நம் மலையோரத்தில் தாராளம்; ஆனால் போரான் மருந்தேற்றாத ரப்பர் மரத்தில் வண்டும் நீலப்பூஞ்சையும் உறுதி. மருந்தேற்றி உலர்த்தியது என்று மில்லில் உறுதி கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் உலர்ச்சி. ஒன்றேமுக்கால் அங்குலப் பலகை நிழலில் தானாகக் காய ஒன்றரை முதல் இரண்டு வருடம் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் பழைய ஓட்டு வீடு பிரித்த மரம் விற்கும் இடங்களைப் பாருங்கள். பல ஆண்டுகள் அடுப்புப் புகையிலும் வெயிலிலும் காய்ந்த உத்தரம் கிடைத்தால் அதைவிட நல்ல மரம் இல்லை. கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்கட்டை) அகலம் குறைவு, மூன்று நான்கு துண்டு ஒட்ட வேண்டிவரும். வாங்கும்போது காந்தத்தை வைத்து முழுவதும் தடவிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு துருப்பிடித்த ஆணி ரூட்டர் (மரம் குடையும் இயந்திரம்) பிட்டை ஒரே நொடியில் முடித்துவிடும், கண்ணுக்கும் ஆபத்து.

கிட் பாடி இங்கேதான் கைகொடுக்கிறது. அதை 9 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் வைத்துக் கோடிழுத்து டெம்ப்ளேட் செய்யலாம். விளிம்பு உருட்டியிருப்பதால் பென்சிலைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உருவம் சுருங்கிவிடும். மரத்தைக் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் ரூட்டரால் எடுங்கள். கொம்பு வளைவில் மரத்தின் நார் திரும்புமிடத்தில் அதிகமாக எடுத்தால் சில்லு பெயர்ந்து வந்துவிடும். பலாவில் இது சாதாரணமாக நடக்கும்.

நெக் பள்ளத்துக்குக் கிட்டின் பள்ளத்தைப் படியெடுக்காதீர்கள். நெக்கையே மரத்தின் மேல் மையக்கோட்டில் வைத்து, இரு பக்கமும் பின்னாலும் நேரான எம்.டி.எஃப். துண்டுகளை நெருக்கி ஒட்டி, நெக்கை எடுத்துவிட்டால் அதுவே அச்சு. ஆழம் 16 மி.மீ., ஒரு தடவைக்கு 3 மி.மீ. வீதம். நெக் கையால் அழுத்தினால் உட்கார வேண்டும், பாடியைக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். பூச்சு ஏறிய பிறகு பள்ளம் இறுகும் என்பதால் பள்ளத்தின் சுவரில் பூச்சு படாமல் டேப் ஒட்டிவிடுங்கள். திருகாணிக்குப் பாடியில் 4.8 மி.மீ., நெக்கில் 3.2 மி.மீ. துளை. பாடியிலும் சின்னத் துளை போட்டால் திருகாணி அங்கேயே பிடித்துக்கொண்டு நெக்கை இழுக்காது. இடையில் ஒரு தாள் நுழையும் இடைவெளி நிற்கும். கிட்டின் திருகாணிகள் மென்மையானவை. பலா, தேக்கு போன்ற மரத்தில் துளை போடாமல் முறுக்கினால் தலை அறுந்து உடல் உள்ளே தங்கிவிடும். புரியில் சோப்பு தடவுங்கள், இயந்திர ட்ரில்லை விட்டுக் கைத்திருப்புளியால் முடியுங்கள்.

பிரிட்ஜ் இடத்தை நட்டிலிருந்து அளந்து வையுங்கள். மெல்லிய இ (E) கம்பியின் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு துண்டு) ஏறக்குறைய முன்னால் நிற்கும்போது நட்டிலிருந்து 648 மி.மீ. வர வேண்டும், தடித்த கம்பிகளுக்குச் சேடில் பின்னால் போக அப்போதுதான் இடம் இருக்கும். துளை போடுமுன் இரண்டு ஓரக் கம்பிகளுக்குப் பதிலாக நூல் கட்டி, ஃபிரெட்போர்டின் இரு விளிம்பிலிருந்தும் ஒரே தூரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். கிட் பாடியிலேயே செய்பவர்களுக்குத் துளைகள் முன்பே போட்டு வரும்; நூல் ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தத் துளைகளைக் குச்சியும் பசையும் வைத்து அடைத்து மறுபடி போடுவது ஒன்றே வழி. கிட்டில் வரும் ட்ரெமலோ (கம்பியைத் தளர்த்தி இறுக்க அசையும்) பிரிட்ஜின் துத்தநாகக் கட்டையும் ஸ்பிரிங்கும் சுருதியைக் காப்பாற்றுவதில்லை. புதுப் பாடி செய்பவர்கள் அசையாத ஹார்ட்டெயில் பிரிட்ஜ் போடுங்கள். முதுகுப்பக்கம் இரண்டு குழி குடையும் வேலை மிச்சம்.

மின்பாகங்களில் பிக்கப் மூன்றும் செராமிக் காந்த வகை. தொடக்கத்துக்குப் போதும். மாற்ற வேண்டியவை ஐந்து வழி ஸ்விட்ச், ஜாக், பாட்கள் (ஒலி, டோன் குமிழ்களின் கீழுள்ள மின்தடைகள்). சிறிய பாட்களுக்குப் பதில் முழு அளவு 250 கே (கிலோ ஓம்) போட்டால் பிக்கார்டு துளையை 10 மி.மீ.க்கு விரிக்க வேண்டிவரும். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் இருந்தே தீரும். குழி முழுவதும் செம்பு டேப் ஒட்டி, எல்லாத் துண்டும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து, எர்த்தோடு இணைத்தால் சுற்றுப்புற மின்சாதனங்களின் உறுமல் கணிசமாகக் குறையும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கினால் பிரிட்ஜ் எர்த் ஒயர் சரி. தொட்டதும் கூடினால் எங்கோ அறுந்திருக்கிறது. ட்ரெமலோ வைத்துக்கொள்பவர்களுக்கு ஸ்பிரிங் கொக்கியில் அந்த ஒயரைப் பற்றவைக்க 25 வாட் இரும்பு போதாது, 60 வாட் வேண்டும். சூடு பற்றாமல் வைத்த ஈயம் பார்க்க ஒட்டினாற்போல இருந்து ஒரு மாதத்தில் கழன்றுவிடும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் சேடிலின் சிறு திருகுகளையும் முதல் நாளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடுங்கள். உப்புக்காற்றில் அவை துருவேறி இறுகிப்போனால் கம்பி உயரத்தை மாற்றவே முடியாமல் போகும்.

பூச்சை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடிக்கும்போது தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர வைக்கும். ஈரக்காற்றின் நீர் அங்கே படிந்து பூச்சு பால்போல வெளுத்துவிடும். தை முதல் பங்குனி வரை காலை பத்து மணிக்கு மேல் அடிப்பது பாதுகாப்பு. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் துணியால் எண்ணெய் தேய்த்து முடியுங்கள். எண்ணெய்த் துணியை விரித்துக் காயவையுங்கள், சுருட்டிப் போட்டால் அது தானாகத் தீப்பற்றும்.

10-46 தடிமன் அளவுக் கம்பி மாட்டி, முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்து எட்டாவது ஃபிரெட்டில் 0.25 மி.மீ. இடைவெளி வையுங்கள். பதினேழாவது ஃபிரெட்டின் மேல் கம்பி உயரம் 1.6 மி.மீ. சேடிலை முழுவதும் இறக்கியும் கம்பி உயரமாக நின்றால் நெக் பள்ளத்தின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் அரை மில்லிமீட்டர் மரச்சீவல் வைத்தால் பிரிட்ஜில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் இறங்க இடம் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழை பிடித்து ஒரு வாரத்தில் ஒரு தடவையும், மழை விட்டு வெயில் ஏறியதும் ஒரு தடவையும் இந்த எட்டாவது ஃபிரெட் இடைவெளியைப் பாருங்கள்; ட்ரஸ் ராட் சாவியைக் கிட்டார் உறையிலேயே போட்டு வையுங்கள்.